எத்தனை தடவை என்று கேட்பதை நிறுத்துங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போடப்போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலும் கடைசி ரவுண்டு ஓடாமல் வேப்பமரத்தடியில் ஒதுங்கியவர்கள் நீங்கள்தான்.

ஓய்வு பெற்றதிலிருந்து எனக்கு வருகிற போன்களில் பாதி உடம்பைப் பற்றித்தான். என்னிடம் கபடி பழகிய பிள்ளைகளுக்கே ஐம்பது தாண்டிவிட்டது. வேடசந்தூர் பக்கம் மில்லில் வேலை பார்ப்பவர், நிலக்கோட்டையில் மல்லிகை போட்டிருப்பவர், பேகம்பூரில் கடை வைத்திருப்பவர் என்று யார் கூப்பிட்டாலும் கேள்வி ஒன்றுதான். "சார், முட்டி வலி. என்ன எக்சர்சைஸ் செய்யலாம்? எத்தனை தடவை செய்யணும்?" நான் வைத்தியன் இல்லை, உடற்கல்வி ஆசிரியன். முதலில் டாக்டரைப் பார், பிறகு பிசியோதெரபிஸ்டைப் பார் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் அந்தக் கேள்வியைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. எல்லோரும் எத்தனை தடவை என்று கேட்கிறார்கள். எந்த நிலையில் இருந்துகொண்டு செய்வது, காலையோ கையையோ திரும்ப இறக்கும்போது எப்படி இறக்குவது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. வியாதிக்காகச் செய்கிற பயிற்சியில் இந்த இரண்டும்தான் மருந்தின் அளவு. எண்ணிக்கை அதற்குப் பிறகு வருகிற சமாச்சாரம்.

முதலில் நிலைகளைப் பார்ப்போம். 1813-ல் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் ஓர் உடற்பயிற்சி நிலையம் தொடங்கினார். வாள்வீச்சு ஆசான், கவிதையும் எழுதியவர். அவர் வழியில் வந்தவர்கள் உடம்பு ஒரு பயிற்சியைத் தொடங்கக்கூடிய அடிப்படை நிலைகளை ஐந்தாகப் பிரித்தார்கள். நிற்பது, மண்டியிடுவது, உட்காருவது, படுப்பது, தொங்குவது. மற்ற எல்லா நிலைகளும் இந்த ஐந்தின் கிளைகள். பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் இதைப் படித்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

இதைக் கேட்டதும் உங்களுக்குச் சிரிப்பு வரும். பெஞ்சு மேல் ஏறி நில், முட்டி போடு, தோப்புக்கரணம் போடு என்று பள்ளிக்கூடத்தில் தண்டனையாகப் பார்த்ததெல்லாம் இந்தப் பட்டியலில் வந்துவிடுகிறது. (நான் யாரையும் முட்டி போடச் சொன்னதில்லை. அது வேறு வகுப்பு, வேறு வாத்தியார்.) மண்டியிடுதல் என்பது குழந்தை தவழ்ந்து எழுந்து நிற்பதற்கு நடுவில் தானாகவே கண்டுபிடிக்கும் நிலை. பக்கவாதம் வந்தவரைத் திரும்ப நிற்க வைப்பதற்கு முன்னால் மண்டியிட வைத்துப் பழக்குவதும் உண்டு. நிற்பதைவிட அதில் உடம்பின் பாரம் தாழ்வாக இருக்கிறது, கணுக்காலையும் முட்டியையும் அடக்கி ஆளவேண்டிய வேலை மிச்சம். நிற்பதை நாம் சாதாரணமாக நினைத்துவிட்டோம். இரண்டு பாதம் அளவே உள்ள இடத்தின் மேல் ஐந்தரை அடி உயரத்தை நிறுத்தி வைப்பது சாதாரணம் இல்லை. படுத்திருக்கும்போது தாங்கும் பரப்பு பெரியது, பாரம் தரையோடு தரையாக இருக்கிறது, விழுவதற்கு வழியே இல்லை. அதனால்தான் முடியாதவருக்குப் பயிற்சி படுக்கையில் தொடங்குகிறது.

நிலைதான் அளவு என்று சொன்னேன். அதற்கு ஒரு சம்பவம்.

என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர் ஒருவர். குரல் எடுத்தால் அடுத்த கட்டடம் வரை கேட்கும். அவருக்கு வலது பக்கம் வாதம் வந்து கை தொங்கிப்போனது. பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும், நானும் உடன் இருக்கும்போதே, "ஐயா, கையைத் தூக்குங்க பார்ப்போம்" என்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் முயற்சி செய்வார். முகம் சிவக்கும், தோள் மட்டும் காதுவரை ஏறும், கை அசையாது. பத்து நாளில் முயற்சி செய்வதையே விட்டுவிட்டார். "இது செத்துப்போச்சு, விடுங்க" என்று சொல்லிவிட்டார். தமிழ் வாத்தியார் வாயில் அந்தச் சொல் வந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை வருகிற திட்டம் என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். இயன்முறைச் சிகிச்சையும் அதில் சேர்த்தி. வந்த பெண்ணுக்கு என் கடைசி செட் மாணவர்களின் வயதுதான் இருக்கும். வீட்டில் கேரம் போர்டு இருக்கிறதா என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பேரன் எடுத்து வந்தான். ஐயாவை உட்காரவைத்து, மேஜையில் தலையணை அடுக்கி, தோள் உயரத்துக்கு அந்தப் போர்டை வைத்து, பவுடரைத் தூவி, கையை அதன் மேல் கிடத்தினார். "தூக்க வேண்டாம் ஐயா, முழங்கையை மடக்கி உங்க பக்கம் இழுங்க, போதும்" என்றார். கை நகர்ந்தது. இரண்டு விரல்கடை இருக்கும். ஐயா அழுதார், நாங்களும் அழுதோம்.

அந்தப் பெண் செய்தது மந்திரம் இல்லை. கையைத் தூக்குவதற்கு அதன் எடையைப் பூமியின் இழுப்புக்கு எதிராகச் சுமக்க வேண்டும். பலகையில் கிடக்கும்போது அந்தப் பாரத்தைப் பலகை வாங்கிக்கொள்கிறது. தசைக்கு மிச்சமிருப்பது நகர்த்தும் வேலை மட்டும். தசையின் பலத்தைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட்டு அளக்கும் முறை ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. பூமியின் இழுப்பை விலக்கிக் கொடுத்தால் அசைகிறது என்றால் இரண்டு மார்க். இழுப்பை எதிர்த்துத் தன் எடையைத் தானே முழுசாகத் தூக்கினால் மூன்று. ஐயாவுக்கு இரண்டு மார்க் பலம் இருந்தது. நாமெல்லாம் சுற்றி நின்று அவருக்கு மூன்று மார்க் கேள்வித்தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கேள்வியை நாளைக்குப் பத்து தடவை கேட்டால் என்ன, நூறு தடவை கேட்டால் என்ன?

தொடைக்கும் இதே கணக்குத்தான். மல்லாந்து படுத்துக் காலை நீட்டித் தூக்க முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தால் அதே காலை முன்னும் பின்னும் கொண்டுபோகலாம். தோள் இறுகியவருக்கு இன்னொரு வழி. நல்ல கையை மேஜையில் ஊன்றி, முன்னால் குனிந்து, இறுகின கையைக் கிணற்று வாளிபோலத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டச் சொல்வார்கள். ஐந்தாவது நிலை தொங்குவது என்று சொன்னேனே, அதன் ஏழை உறவினர் இது. உடம்பு முழுக்கத் தொங்க வேண்டாம், கை மட்டும் தொங்கினால் போதும்.

இன்னொரு வீட்டுக் கதையும் சொல்லியாக வேண்டும், எங்கள் வீட்டுக் கதை. மதினிக்கு ஒரு பெரிய மருத்துவமனையில் முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஊர் பேர் வேண்டாம். அறுவை சிகிச்சை அருமையாகச் செய்திருந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு படம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் "10 தடவை, நாளைக்கு 3 வேளை". மதினி படிக்காதவர் அல்ல. தாளில் உள்ளபடியே செய்தார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் முட்டி முழுசாக நீளவில்லை. நின்றால் ஒரு கால் மடங்கியே நிற்கிறது.

காரணம் பேத்தியின் பாசம். "அப்பத்தாவுக்கு வலிக்கும்" என்று முட்டிக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணை வைத்திருந்தாள். பகல் முழுக்க, ராத்திரி முழுக்க. முட்டி மடங்கினாற்போல் இருந்தால் இதமாகத்தான் இருக்கும். அந்த இதத்திலேயே பின்பக்கத் தசைகள் குறுகிப் பழகிவிடும். பயிற்சி செய்தது நாளில் அரைமணி நேரம். மிச்ச நேரம் முழுக்கப் படுத்திருந்த நிலை அதற்கு நேர்மாறாக வேலை செய்துகொண்டிருந்தது. வந்து பார்த்த பிசியோதெரபிஸ்ட் முதல் வேலையாகத் தலையணையை உருவினார். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முட்டி தானாகக் கீழே தாழ்ந்தது, மதினி பல்லைக் கடித்தார். "முட்டியை மெத்தையைப் பார்த்து அழுத்துங்கம்மா, அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிங்க, மூச்சை அடக்காதீங்க" என்றார். பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. தொடையின் முன்தசை மட்டும் கல்லாக இறுகி இளகியது.

அந்தத் தாளை அடித்தவர்கள் தலையணை பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம். அதைவிட, அனுப்புவதற்கு முன் மதினியை ஒருமுறை செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கலாம். பத்து நிமிஷ வேலை.

தசை வேலை செய்கிறது என்றால் ஏதாவது அசைய வேண்டும் என்று நினைக்கிறோம். தசை மூன்று விதமாக வேலை செய்யும். இதை விளக்க எனக்குப் பழனி மலையைவிட நல்ல கரும்பலகை கிடைத்ததில்லை. சுமார் 690 படி. நம் பக்கத்து ஆட்களுக்கு எல்லாம் கால் பட்ட இடம்.

ஏறும்போது ஒவ்வொரு படியிலும் தொடையின் முன்தசையும் பிட்டத் தசையும் சுருங்கி உடம்பை மேலே தள்ளுகின்றன. நீளத்தில் குறைந்துகொண்டே வேலை செய்கின்றன. இதுதான் எல்லோருக்கும் தெரிந்த வேலை, மூச்சு வாங்குவதும் இதில்தான். மேலே போய்த் தரிசன வரிசையில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிறோமே, அங்கே தசை நீளம் மாறாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மதினியின் முட்டி செய்ததும் இந்த வேலைதான். அப்புறம் இறங்குகிறோம். மூச்சு வாங்கவில்லை, அரட்டை அடித்துக்கொண்டே இறங்கலாம், "இறங்குறது என்ன, சும்மா" என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு படியிலும் உடம்பு பொத்தென்று விழாமல் மெதுவாக இறக்கிவிடுவது அதே தொடைத் தசைதான், இந்த முறை நீண்டுகொண்டே வேலை செய்கிறது. கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றை விட்டுவிடாமல் கைக்குள் வழியவிட்டுப் பிடிக்கிறோமே, அந்த மாதிரி. அடிவாரத்தில் கால் வெடவெடவென்று நடுங்குவது யாருக்குத்தான் தெரியாது? மறுநாளும் அதற்கு மறுநாளும் கக்கூஸில் உட்கார முடியாமல் தொடை கட்டிக்கொள்வதற்கும் பெரும்பாலும் இறங்கியதுதான் காரணம். பழியை மட்டும் ஏறியதன் மேல் போடுகிறோம்.

இந்த இறக்க வேலையைப் பற்றி 1952-ல் இங்கிலாந்தில் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். ஆபட், பிக்லண்ட், ரிட்சி என்று மூன்று விஞ்ஞானிகள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்துச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலைக் காலால் எதிர்த்துத் தடுப்பார். இருவருக்கும் ஒரே வேகம், ஒரே விசை. அளந்து பார்த்தால், தடுத்தவர் செலவழித்த ஆக்சிஜன் மிதித்தவர் செலவழித்ததில் ஒரு சிறு பங்குதான். அதாவது நீண்டுகொண்டே வேலை செய்யும் தசைக்குச் செலவு குறைவு. அதோடு, சுருங்கும்போது தாங்கும் பாரத்தைவிட நீளும்போது கூடுதல் பாரத்தைத் தாங்கவும் செய்யும். நோயாளிக்கும் வயதானவருக்கும் இது எவ்வளவு பெரிய சலுகை என்று யோசித்துப் பாருங்கள். எழுந்திருக்க முடியாதவர்கூட மெதுவாக உட்கார முடியும். அவரை நாம் தாங்கி எழுப்பி நிறுத்திவிட்டு, "இப்ப நீங்களா மெதுவா உட்காருங்க, நாலு எண்ணுறேன்" என்று சொன்னால் அவர் தொடைக்கு அன்றைய பயிற்சி கிடைத்துவிட்டது. கொஞ்ச நாளில் எழுந்திருக்கவும் அந்தத் தசையே உதவும்.

கெண்டைக்கால் நரம்பு என்று நாம் சொல்கிற, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் வலிக்கும் இறக்கப் பயிற்சியைத்தான் ஸ்வீடன்காரர் ஆல்ஃபிரட்சன் 1998-ல் பிரபலமாக்கினார். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று குதிகாலை மெல்லத் தாழ்த்துவது. தினம் 180 தடவை, பன்னிரண்டு வாரம். திரும்ப மேலே வருவதற்கு வலிக்காத காலைப் பயன்படுத்திக்கொள்ளலாம், இறங்குவதுதான் மருந்து. எண்ணிக்கை வேண்டும் என்கிறவர்கள் இந்த 180-ஐ வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதை எண்ணியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

இனி நம் வீடுகளுக்கு வருகிறேன். எனக்கு வருத்தமும் கோபமும் அங்கேதான்.

நம் பெரியவர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று இன்றைக்குச் சாயங்காலம் கவனியுங்கள். சோபாவுக்கு முன்னால் வந்து, திரும்பி, பாதி தூரம் குனிந்து, அதற்குப் பிறகு தொப்பென்று விழுகிறார்கள். கடைசி ஒரு முழம் தசை பிடிப்பதே இல்லை. எழுந்திருக்கும்போது பிள்ளைகள் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்து இழுத்துத் தூக்குகிறார்கள். ஆக ஏறுகிற வேலையும் போச்சு, இறங்குகிற வேலையும் போச்சு. தசை எதற்கு இருக்க வேண்டும்? ஆறு மாதத்தில் தொடை சூம்பிவிடுகிறது. அப்புறம் ஒரு நாள் பாத்ரூமில் விழுகிறார்கள், இடுப்பெலும்பு முறிகிறது, "வழுக்கிடுச்சு" என்று தரையின் மேல் பழி போகிறது. எனக்குத் தெரிந்து போன வருஷம் மட்டும் மூன்று வீட்டில் இப்படி. அதில் ஒருவர் திரும்ப எழுந்திருக்கவே இல்லை.

வீட்டில் பெரியவர் இருந்தால், டாக்டர் தடை சொல்லாதவராக இருந்தால், சுவர் ஓரமாக அசையாத நாற்காலி ஒன்றைப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் நிற்கட்டும். 15 விநாடிக்கு மேல் ஆனால் தசை பலம் குறைந்திருக்கலாம், மேலே பாருங்கள் என்று ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று 2019-ல் வெளியிட்ட பரிந்துரையில் இருக்கிறது. இது சோதனைக்குச் சொன்னது. பயிற்சியாகச் செய்யும்போது வேகம் வேண்டாம். எழுவது எப்படியோ போகட்டும், உட்காருவதற்கு நாலு எண்ண வேண்டும். பிள்ளையார் கோயிலில் தோப்புக்கரணம் போடும் ஆட்களையும் பாருங்கள், பாதிப் பேர் விழுந்து விழுந்து எழுகிறார்கள். பிள்ளையார் அவசரப்படுகிறாரா என்ன?

தரையில் உட்காருவதைப் பற்றியும் என்னிடம் நிறையப் பேர் சண்டைக்கு வருவார்கள். முட்டி மாற்றியவர்கள், டாக்டர் வேண்டாம் என்று சொன்னவர்கள் உட்கார வேண்டாம், அதில் வீம்பு கூடாது. மற்றவர்கள் ஏன் தரையை விட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் கிளாடியோ கில் அராஜோ என்ற டாக்டர் 51 முதல் 80 வயதுக்குள் 2002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார். பத்து மார்க். கையையோ முட்டியையோ ஊன்றினால் ஊன்றுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் குறைவு, தள்ளாடினால் அரை மார்க். மார்க் குறைந்தவர்களிடையே அடுத்த சில வருஷங்களில் இறப்பும் கூடுதலாக இருந்தது என்று 2012-ல் எழுதினார். தரையில் உட்கார்ந்தால் ஆயுசு கூடும் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. உடம்பில் பலமும் நிதானமும் வளைவும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அந்த ஓர் அசைவு காட்டிக்கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். நமக்கு அந்தப் பரீட்சை பந்திக்குப் பந்தி, பூஜைக்குப் பூஜை தினமும் நடந்துகொண்டிருந்தது. டைனிங் டேபிள் வந்ததும் பரீட்சையை ரத்து செய்துவிட்டோம்.

ஆனால் பழைய காலத்து உட்காருதல் எல்லாம் ஆரோக்கியம் என்றும் நான் சொல்லமாட்டேன். சின்னாளபட்டியில் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க நெய்த கைகளையும், திண்டுக்கல்லில் தரையில் குந்தி அரம் வைத்துப் பூட்டுக்குச் சாவி ராவிய முதுகுகளையும் பார்த்து வளர்ந்தவன் நான். எந்த நிலையும் எட்டு மணி நேரம் ஆனால் வேலை நிலை ஆகிவிடுகிறது, பயிற்சி நிலை இல்லை. அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும் தசை தனக்குள் ஓடும் ரத்தத்தைத் தானே நெருக்கிக்கொள்கிறது. கரும்பலகையில் கையைத் தூக்கியபடி முப்பது வருஷம் எழுதிய கணக்கு வாத்தியார்களுக்குத் தோள் போனதை என் ஸ்டாஃப் ரூமிலேயே பார்த்திருக்கிறேன். (என் பி.டி. பீரியடைக் கடன் வாங்கி எழுதியதும் அந்தக் கைதான்.) ஜவுளிக்கடையில் நாள் பூரா நிற்கும் பிள்ளைகளுக்கு ஓர் இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2018-ல் கேரளத்தில் சட்டம் வந்தது. 2021-ல் தமிழ்நாட்டிலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் தேவைப்பட்டது. அடுத்த தடவை துணி எடுக்கப் போகும்போது, அந்த ஸ்டூல் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். கடை நடத்தும் என் மாணவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கரண்ட் வைத்துக்கொண்டேன், ஒத்தடம் கொடுத்தார்கள், எண்ணெய் போட்டு உருவினார்கள் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வலி குறைய அவை உதவலாம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மிஷினுக்குக் கீழே படுத்திருக்கும்போது நம் தொடை படி ஏறப் பழகுவதில்லை. தசைக்குக் கற்றுக்கொடுத்தால்தான் வரும். வேலூர் சி.எம்.சி.யில் 1940-களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, வேறொரு வேலை செய்துகொண்டிருந்த தசைநாணை எடுத்து மாற்றி வைத்துத் தைக்கத் தொடங்கினார். தைத்ததோடு கை திறந்துவிடாது. பழைய வேலையை மறந்து புது வேலையைப் படிக்க அந்தத் தசைக்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். கத்திக்குப் பாதிப் பங்கு, பயிற்சிக்குப் பாதிப் பங்கு. அவரிடம் வேலை கற்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போனார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதே கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து அந்தத் துறையை வேலூரில் வளர்த்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தது. உட்காருதல் ஒரு நிலை, அதில் நிமிர்ந்து நிலைத்திருக்கப் பழகிவிட்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும் என்பதை அவரைவிட யாரும் காட்டிவிட முடியாது.

எனவே என் வேண்டுகோள் இதுதான். பயிற்சித் தாள் கொடுக்கிற மருத்துவமனைகள், அனுப்பும் முன் நோயாளியையும் கூட இருப்பவரையும் வைத்து ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். நாமும் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடக் கூடாது. "எப்படிப் படுக்கணும், எங்கே தலையணை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது, இறக்கும்போது எவ்வளவு மெதுவா இறக்கணும், வலிச்சா எந்த நிலைக்கு மாத்திக்கணும்" என்று நின்று கேட்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகள் நாலரை வருஷம் படித்துவிட்டு வருகிறார்கள், அவர்களைக் கரண்ட் வைக்கிற ஆள் என்று கூப்பிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் மிச்சம் இருந்தால், ஓட்டத்தோடு கூடத் தரையிலிருந்து எழுவதற்கும் பாரத்தை மெதுவாக இறக்கி வைப்பதற்கும் ஒரு பத்து நிமிஷம் கொடுக்கலாம். இப்போது பணியில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் என் நட்பு வட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். யாராவது தொடங்கினால் எனக்கு எழுதுங்கள், வந்து பார்க்கிறேன்.

பிபி, இதய நோய் உள்ளவர்கள் எந்தப் பயிற்சியிலும் மூச்சை அடக்க வேண்டாம். இறக்கப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் வாரம் பாதி அளவே செய்யுங்கள். எடுத்ததும் முழுசாகச் செய்தால் பழனிக்குப் போய்வந்த மறுநாள்போல ஆகிவிடும், அப்புறம் என்னைத் திட்டுவீர்கள். தமிழையா இப்போது இடது கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார், பேனா இன்னும் பிடிக்க வரவில்லை. பார்க்கப் போகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போங்கள். போய் "கையைத் தூக்குங்க" என்று சொல்லாமல், கேரம் போர்டில் ஒரு ஆட்டம் போடுங்கள். அவர் அழுகுணி ஆட்டம் ஆடுவார், கண்டுகொள்ளாதீர்கள்.